ஏறாத நாற்பது பதிவுகள்

முதியோர் இல்லத்தின் பழைய பதிவுகளைப் புது இணையதளத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தான் அவன்.

"நாப்பது பதிவு ஏற மாட்டேங்குது. ஒரே கட்டமும் கேள்விக்குறியுமா நிக்குது."

"பழைய ஃபான்ட்ல அடிச்சதா இருக்கும். மாத்திப் பாக்கலாமே?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"இலவச வேலைக்கு இவ்வளவு மெனக்கெடணுமா? குப்பைன்னு தள்ளிட்டேன். பழைய சர்வரையும் துடைச்சாச்சு."

மாலையில் இல்லத்து மேலாளர் போன் செய்தார். "அம்மா நினைவா இதைச் செஞ்சு தர்றீங்க தம்பி, ரொம்ப நன்றி. இங்க இருந்தப்ப அவங்க உங்களுக்கு எழுதினதெல்லாம் அந்தப் பழைய பதிவுகள்லதான் இருக்கு. அனுப்பினா உங்க வேலை கெடும்னு அதுலயே சேத்து வச்சாங்க. நாப்பது கடிதம். படிச்சீங்களா?"

டைப்ரைட்டரில் பழகிய அம்மாவின் விரல்களுக்குத் தோதாக, அந்தப் பழைய ஃபான்ட்டைத் தேடிப்பிடித்துப் போட்டுக் கொடுத்தவனே அவன்தான்.