மினுங்கின பேரு

"எந்த நாசமாப் போனவன் இந்த வேலையப் பார்த்தது?"

ஹெல்கா போட்ட சத்தத்துல, காபி ஊத்திட்டிருந்த கூட வேலை பார்க்கிற தெப்போ கப்புக்கு வெளிய ஊத்திட்டான். என்னமோ ஏதோன்னு ஓடி வந்து அவ கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தான். பார்த்தவன் விசிலடிச்சான்.

ஸ்லைடுக்கு அடியில அடக்க ஒடுக்கமா இருக்கவேண்டிய அவ பேரு, தங்கக் கலர்ல தகதகன்னு மினுங்குது. சுத்தி ஒளிவட்டம் வேற. போதாததுக்குப் பின்னாடி ஒரு நிழல்.

"அடடா, சர்ச்சுல மாட்டின படம் மாதிரில்ல இருக்கு! மெழுகுவத்தி ஏத்தட்டுமா தாயே?"

"வாய மூடு. நீதான பண்ணின?"

"நானா? நான் பண்ணியிருந்தா பிங்க் கலரு. பேரு பறந்து வந்து உக்காரும், கூடவே கைதட்டுற சத்தம் வரும். இதெல்லாம் என் ரசனைக்கு ரொம்பக் கம்மி."

அது ஃபின்லாந்துல ஒரு ஊர்த் தண்ணிக் குழாய் ஆபீஸ். இன்னும் கொஞ்ச நேரத்துல நகரசபைக்காரங்க வந்துடுவாங்க. வருஷா வருஷம் குளிர்ல குழாய் உறைஞ்சு வெடிக்கிற ஏரிக்கரைத் தெருவுல, இந்த வருஷம் ஒண்ணுகூட வெடிக்கல. எல்லாம் ஹெல்கா கண்டுபிடிச்ச வழி. அதை ஊர் முழுக்கச் செய்யலாமா வேணாமான்னு இன்னைக்குத்தான் முடிவு.

"இதோட போய் நின்னா என்ன நெனைப்பாங்க? 'பாரு, தன் பேருக்குத் தானே ஜிகினா ஒட்டிட்டு வந்திருக்கா'ன்னு மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. அப்புறம் குழாயாவது, வழியாவது!"

அது நெசந்தான். ஃபின்லாந்துல ஒருத்தனுக்கு லாட்டரியே விழுந்தாலும், திரைச்சீலைய இழுத்து மூடிட்டுத்தான் சிரிப்பான்.

ஹெல்கா நிழலை எடுத்தா. ஒளிவட்டத்தை எடுத்தா. தங்கத்தைக் கறுப்பாக்கினா. அப்பாடான்னு அடுத்த ஸ்லைடுக்குப் போனா, அங்கயும் மினுங்குது. அதுக்கடுத்ததுலயும். கடுப்பாகி, புதுசா வெறும் ஸ்லைடு ஒண்ணு தொறந்தா, அதுலயும் 'வந்துட்டேன்'னு பல்லைக் காட்டுது!

"பேய் புடிச்சிருக்கு இதுக்கு!"

"தள்ளு தள்ளு. உள்ள தாய் ஸ்லைடுன்னு ஒண்ணு இருக்கு. அதுல ஏதாவது போட்டுட்டா, குட்டிங்க எல்லாத்துக்கும் அதே மூஞ்சிதான்."

"அப்போ எவனோ உள்ள போய் வேணும்னே போட்டிருக்கான்."

"ஆமா. உன்மேல எவனுக்கு இவ்ளோ காண்டு?"

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எதிர்ல மூடியிருந்த கதவைப் பார்த்தாங்க. மேனேஜர் ஐமோவோட ரூம்.

"அவரேதான்," ஹெல்கா பல்லைக் கடிச்சா. "குழாய் ஒண்ணுகூட வெடிக்கலன்னு ஆசையா ஓடிப்போய்ச் சொன்னேன். என்ன சொன்னாரு தெரியுமா?"

தெப்போ கன்னத்தைத் தொங்கப்போட்டு, கண்ணைப் பாதி மூடி, ஐமோவாவே மாறிட்டான். "ம்ம்... கதவைச் சாத்திட்டுப் போ. குளிருது."

"அச்சு அசலா அதேதான்!" சிரிச்ச ஹெல்கா சட்டுனு சிரிப்பை நிறுத்தினா. "இத்தனை வருஷத்துல ஒரு நல்ல வார்த்தை கிடையாது. இப்போ ஊர் முன்னாடி என்னைக் கோமாளியாக்கப் பார்க்கிறாரு. பொறாமை!"

தெப்போ தாய் ஸ்லைடுக்குள்ள போய் நாலு அமுக்கு அமுக்கினான். தங்கம், ஒளி, நிழல் எல்லாம் காலி. எல்லா ஸ்லைடுலயும் பேரு பரம சாதுவா உக்காந்திருந்துச்சு.

அந்த நேரம் பார்த்துக் கதவு தொறந்துச்சு. ஐமோ டையெல்லாம் கட்டிட்டு வந்தாரு. நேரா கம்ப்யூட்டர்கிட்ட போய், ஸ்லைடை ஒண்ணொண்ணாத் தள்ளினாரு. திரும்ப முதல் ஸ்லைடுக்கே வந்து நின்னாரு. மொகம் சுருங்கிப்போச்சு.

"இதுலயும் எடுத்துட்டீங்களா?"

"எடுத்தாச்சு. யாரு போட்டதுன்னும் தெரிஞ்சுபோச்சு. என் மேல என்ன கோபம் ஐமோ? எதுவா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

ஐமோ ஜன்னலைப் பார்த்தாரு. தரையைப் பார்த்தாரு. தெப்போவோட ஷூவைப் பார்த்தாரு. ஆளு பீட்ரூட் மாதிரி செவந்துட்டாரு.

"நேரா சொல்ல வரலம்மா. அதனாலதான்..." தொண்டையைக் கனைச்சாரு. "இது யாரு மூளைன்னு அவங்களுக்கு மொதல்லயே தெரியணும்னு நெனச்சேன். முதல் ஸ்லைடுல மட்டும்தான் போடப் பார்த்தேன். எதை அமுக்கித் தொலைச்சேனோ, எல்லாத்துலயும் ஏறிடுச்சு. எடுக்கத் தெரியல."

தெப்போ மெதுவா கம்ப்யூட்டர் முன்னாடி போய் உக்காந்தான்.

வெளிய கார் கதவுங்க சாத்துற சத்தம் கேட்டுச்சு. ஹெல்கா கண்ணைத் தொடச்சுக்கிட்டு, நெஞ்சை நிமித்தி நின்னா.

"தெப்போ, முதல் ஸ்லைடுல மட்டும் திரும்பப் போடு. ஒளிவட்டத்தோட!"