இறங்காத முள்

மேசை இழுப்பறையைத் தரையில் கவிழ்த்தார் படகுத்துறை அதிகாரி. சாவி இல்லை.

பத்து மணிக்குப் புறப்பட வேண்டிய பயணிகள் படகு, பத்தே காலாகியும் அப்படியே நின்றது. உள்ளே அறுபது பேர். ஒரு நிமிடம் பிந்தினாலும் குதிக்கிற அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘அலாரம்’. இன்று அலாரம் விடாமல் அடித்தது.

“இன்ஜின் சாவி என்ன, கால் முளைச்சு நடந்தா போச்சு?”

“ஆணியிலதான் சார் மாட்டினேன்,” என்றான் படகோட்டி, பெஞ்சுக்கு அடியிலிருந்து.

அவர் நம்பவில்லை. அவன் பாக்கெட்டைத் துழாவினார். அங்கேயே குமாஸ்தாவாக இருக்கும் அவன் மனைவியின் கைப்பையைக்கூடக் கொட்டிப் பார்த்தார்.

அவளும் தேடினாள். கண் மட்டும் சுவரிலிருந்த காற்றழுத்தமானியை விட்டு நகரவில்லை.

முள் ஆயிரத்து மூன்றில் நின்றது. பயப்பட ஒன்றுமில்லை என்கிற எண்.

ஜன்னல் கதவோ கொக்கியைப் பிய்த்துக்கொண்டு அடித்தது.

புயலின் நடுவில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறதோ, காற்று அவ்வளவு ஏறும். பன்னிரண்டு வருடமாக அந்த எண்களை எழுதுகிறவள் அவள். காற்று இந்த ஆட்டம் ஆடும்போது முள் சாதுவாக நின்றால், இரண்டில் ஒன்று பொய்.

காற்றைத் திருப்ப ஸ்க்ரூ கிடையாது.

மானியைக் கழற்றிப் புரட்டினாள். பின்பக்க ஸ்க்ரூவைச் சுற்றிப் புதுக் கீறல். பதிவேட்டில், காலை ஆறு மணிக் கட்டத்தில், ஆயிரத்தை அடித்துவிட்டு ஆயிரத்துப் பத்து. அலாரத்தின் கையெழுத்து.

“காலையில இலையே அசையல, முள்ளு எப்படிம்மா இறங்கும்? ரிப்பேர்னு நெனச்சு நான்தான்...” என்று இழுத்தார் அதிகாரி.

முள்தான் முதலில் இறங்கும். காற்று பின்னால் வரும்.

அவள் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பினாள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று. புயலின் எண்.

அலாரம் அடிக்கவில்லை. மைக்கை எடுத்து, பயணிகளை இறங்கச் சொன்னார்.

படகோட்டி இன்னும் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தான். சாவி போனால் வேலையும் போகும்.

“எழுந்திருங்க, முதல்ல சாப்பிடுங்க,” என்று டிபன் பாக்ஸை அவன் பக்கம் தள்ளினாள்.

திறந்தவன், திறந்த வேகத்தில் மூடினான்.

மேல்தட்டில் சோற்றுக்குப் பதில் சாவி இருந்தது.