மல்லர் பிடி

இரண்டு கைகளையும் இவருடைய அக்குளுக்குக் கீழால் விட்டு, முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். என் தலை இவருடைய தோளில்.

"மிஸிஸ் ஜெயரட்ணம், தனியாகத்தான் தூக்க வேண்டும். நான் கை கொடுக்க மாட்டேன்" என்றாள் ஸ்டெபனி, ஆங்கிலத்தில். என்னால் இவரை வீட்டில் வைத்துப் பார்க்க முடியுமா என்று சோதிக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள்.

கட்டிலிலிருந்து வீல்செயருக்கு. அவ்வளவுதான்.

முடிந்தால் இவர் இந்த வீட்டில் இருப்பார். முடியாவிட்டால் பராமரிப்பு இல்லத்தில்.

ஸ்ரோக் வந்து இடப்பக்கம் வலுவிழந்த மனுசன். முன்பொருமுறை தூக்கப் போய் இரண்டு பேருமே தரையில் கிடந்தோம்.

அதற்குப் பிறகுதான் சீனியர்ஸ் சங்கத்து ஆட்களோடு மியூசியத்துக்குப் போனோம். அங்கே ஒரு கிரேக்கச் சாடி. அதில் வரைந்திருந்தது அந்தக் காலத்தில் மல்யுத்தம் பழக்கிய மணல் முற்றமாம். எண்ணெய் பூசிய இரண்டு ஆண்கள் தலையோடு தலை ஒட்டி, கட்டிப்பிடித்து நின்றார்கள்.

"உதுகள் சண்டை பிடிக்குதுகளோ, கொஞ்சுதுகளோ?" என்று கேட்டார் இவர்.

"சும்மா இருங்கோப்பா, பாக்க விடுங்கோ."

ஒருவனாவது தோள் பலத்தை நம்பி நிற்கவில்லை. ஒவ்வொருவனும் இடுப்பைத் தாழ்த்தி, மற்றவனை நெஞ்சோடு ஒட்டவைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்து அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்துப் பழகினேன். இவர் பார்த்துச் சிரித்தார்.

இப்போது முழங்காலை மடித்து, மூச்சை இழுத்துத் தூக்கினேன்.

அசையவில்லை.

இன்னொரு முறை. மனுசன் நிலத்தில் வேர்விட்டது போல் இருந்தார்.

ஸ்டெபனி ஓரடி முன்னால் வந்தாள். "போதும், விடுங்கள்."

"பொறு பிள்ளை" என்றேன். அவளுக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் நின்றுவிட்டாள்.

அப்போதுதான் உணர்ந்தேன். என் கணுக்காலுக்குப் பின்னால் ஏதோ கொழுவி இறுகியிருந்தது.

இவருடைய வலக்கால். நல்ல கால்.

"காலை எடுங்கோ" என்றேன் காதுக்குள்.

"விடு பேபி. நீ முறிஞ்சு போவாய். நான் அங்கை போறன்."

"போனா நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?"

கால் விலகவில்லை.

இடுப்பை இன்னும் தாழ்த்தினேன். கொழுவிய காலோடு சேர்த்தே இவரை இழுத்தெடுத்து, திரும்பி, வீல்செயரில் இருத்தினேன்.

மூச்சு வாங்கியது.

"அவர் ஒத்துழைத்தாரா?" என்று கேட்டாள் ஸ்டெபனி.

"ஓம். நல்லா" என்றேன் ஆங்கிலத்தில், அந்தக் காலை என் காலால் மெல்ல விலக்கியபடி.