முட்டைகளுக்குப் பழகிய குரல்

பூங்கோதை வாங்கிய இன்குபேட்டர், தாய்க்கோழி இல்லாத குறை தெரியாமலிருக்க, வீட்டுக்காரியின் பேச்சைத் தானே பதிந்து முட்டைகளுக்குக் கேட்கவைக்கும் ரகம். பொரிக்கும் நாளன்று உள்ளே கீச்சுச் சத்தம் கேட்டது, ஓடுதான் உடையவில்லை.

"தாய்க் குரலில் கூப்பிடுங்கள். தாமதித்தால் குஞ்சுகள் பிழைக்காது" என்றது இன்குபேட்டர்.

"வாங்கடா கண்ணுங்களா" என்று கொஞ்சினாள். கோழிபோலக் கொக்கரித்தும் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துக் கணவன் வேலுச்சாமி செருப்போடு உள்ளே நுழைந்தான்.

"ஏங்க, உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது!"

படபடவென்று ஓடுகள் உடைந்து குஞ்சுகள் தலையை நீட்டின. இத்தனை நாளும் அவை எதைக் கேட்டு வளர்ந்தன என்பது புரிந்ததும் பூங்கோதைக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வேலுச்சாமி குனிந்து பார்த்தான். ஒரு முட்டை மட்டும் அப்படியே கிடந்தது. பெருமூச்சு விட்டு அவளெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"சரி, எங்கம்மாவைப் பத்தி ஆரம்பி."