அந்தப் பக்கத்துக் குருவி

ஊர்ப் பெயர்ப் பலகையில் பிரெஞ்சு எழுத்தின் மேல் தார் பூசியவர் ஓடிலோன். பிளெமிஷ் எழுத்தின் மேல் பூசியவர் எதிர்வீட்டு ஃபிர்மின். இப்போது பலகை மட்டும் நிற்கிறது, ஊரைக் காணோம். தெருவின் இந்தப் பக்கம் பிளெமிஷ்காரர்கள், அந்தப் பக்கம் பிரெஞ்சு பேசும் வலோன்காரர்கள்.

அப்படிப்பட்ட ஃபிர்மினின் பின்கதவை ஓடிலோன் தட்டினார் என்றால் காரியம் பெரிசு.

ஞாயிற்றுக்கிழமை பிளெமிஷ் பக்கத்தில் பாட்டுக் குருவிப் போட்டி. குருவி மூடிய மரப்பெட்டிக்குள் இருக்கும். 'சுஸ்கவீட்' என்று முடித்துப் பாடினால் ஒரு சாக்பீஸ் கோடு; கோடு அதிகம் வாங்கிய குருவிக்குப் பூச்செண்டு. வலோன் பக்கத்துக் குருவி கடைசியில் வேறு மாதிரி இழுக்கும். அது பிரெஞ்சாம், கணக்கில் வராது.

வருஷா வருஷம் ஜெயிப்பவன் கசாப்புக்கடை கமீல். ஜெயித்த பூச்செண்டை ஓடிலோனின் மூக்குக்கு நேரே நீட்டி, மோந்து பார்க்கச் சொல்வான். இந்த வருஷமாவது அதை அவன் மூக்குக்கு நேரே நீட்டாவிட்டால் ஓடிலோனுக்குச் சோறு இறங்காது.

"உங்க பக்கத்துக் குருவி ஒண்ணு வேணும்," என்றார்.

"எதுக்குன்னு கேக்கல. காசும் வேணாம்," என்றார் ஃபிர்மின். "உன்கிட்ட வயசான குருவி இருந்தா குடுய்யா. வீட்டுல பேச்சுத் துணைக்கு ஆளில்ல."

"அது பிளெமிஷ் பேசும். உனக்குப் புரியாது."

"என் பொண்டாட்டி பிரெஞ்சுலதான் பேசினா. அதுவும் புரியல."

சரியான இளிச்சவாயன் என்று நினைத்துக்கொண்டு, தொண்டை தேய்ந்த கிழட்டுக் குருவி ஒன்றைத் தள்ளிவிட்டு, பிரெஞ்சுக் குருவியோடு வந்தார் ஓடிலோன்.

ஞாயிறு காலை பெட்டிகளைத் தெருவோரம் வரிசையாக வைத்துவிட்டு எல்லாரும் காபிக்கடைக்குள் போய் உட்கார்ந்தார்கள். தொப்பியை மறந்துவிட்டதாகச் சொல்லி ஓடிலோன் வெளியே வந்தார். கமீலின் குருவியை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டார். பிரெஞ்சுக் குருவியை அந்தப் பெட்டிக்குள் விட்டார்.

அவர் திரும்பி வந்ததும் கமீல் சைக்கிளைப் பூட்ட எழுந்து போனான். பிறகு தபால்காரர் மூத்திரம் பெய்ய. பிறகு பாதிரியார், சும்மா காற்று வாங்க.

போட்டி தொடங்கும் நேரத்தில் ஃபிர்மினும் ஒரு பெட்டியோடு வந்து வரிசைக் கடைசியில் உட்கார்ந்தார். எல்லாரும் சிரித்தார்கள். வலோன்காரன் சேரக் கூடாது என்று விதி போட அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

விசில் ஒலித்தது. கமீலின் பெட்டி பிரெஞ்சில் பாடியது. ஓடிலோன் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

அடுத்து அவருடைய பெட்டியும் பிரெஞ்சில் பாடியது. தபால்காரர் பெட்டியும். பாதிரியார் பெட்டியும். அந்தப் பின்கதவைத் தட்டியது ஓடிலோன் மட்டும் இல்லை போலிருக்கிறது. எல்லாருடைய கோட்டுப் பையும் அசைந்துகொண்டிருந்தது.

வரிசைக் கடைசியில், கரகரத்த தொண்டையோடு சுத்தமான பிளெமிஷில் பாடி, ஃபிர்மினுக்குப் பூச்செண்டை வாங்கிக் கொடுத்தது ஓடிலோனின் கிழட்டுக் குருவி.