ஐந்தாவது குறை

"இந்தத் தடவை என்ன குறை, சார்?"

போக்னா சிரித்தபடிதான் கேட்டாள். ஆனால் மடியில் இருந்த துணிப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஊராட்சி அலுவலகத்தில் மது உரிமங்களைப் பார்க்கும் அதிகாரி ஷெலிகா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவளுடைய கோப்பை மறுபடி முதல் தாளிலிருந்து புரட்டினார்.

ஏரிக்கரையில் போக்னாவுக்கு ஒரு மதுக்கடை. படகு விட வரும் கூட்டம் செப்டம்பரில் ஊர் திரும்பிவிட்டால் அப்புறம் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஃபோனில் கேட்பவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க உரிமம் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கிறிஸ்துமஸோடு கடைக்குப் பூட்டு. அவள் கணவன் விட்டெக் லாரி ஓட்ட ஜெர்மனிக்குப் போக வேண்டும். பிள்ளைகள் அப்பாவை ஃபோனில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! முதல் தடவை, கடை தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றார் ஷெலிகா. மழையில் தானே வந்து டேப் பிடித்து அளந்தார். ஐம்பது மீட்டர் இருந்தால் போதும், ஐம்பத்திரண்டு இருந்தது. அடுத்து, மாடியில் குடியிருப்பவர்கள் எல்லாரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். வாங்கி வந்தாள். சரக்கை வாடிக்கையாளர் வாசலில் வைத்து விற்கக் கூடாது, 'எனக்காக நீ வாங்கி வா' என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் வண்டி கிளம்பலாம் என்றார். வக்கீலிடம் போய் அந்தத் தாளையும் தயார் செய்தாள். வயதை எப்படிச் சரிபார்ப்பாய் என்று நாலாவது தடவை திருப்பி அனுப்பினார்.

"கதவைத் திறக்கிறவர் ஏற்கெனவே குடிச்சிருந்தா?" என்றார் இப்போது.

"கொடுக்க மாட்டோம் சார். சட்டமே அதானே."

"கெஞ்சினா?"

"கெஞ்சினாலும் கொடுக்க மாட்டோம்."

"அழுதா?"

வேண்டுமென்றே கேலி செய்கிறார் என்று நினைத்தாள் போக்னா. விட்டெக் சொன்னது சரிதான். கையை நீட்டாமல் வாங்குகிற ஆள் இவர், நாமாகத்தான் வைக்க வேண்டும் என்று அவன் காலையில் சொன்னபோது அவள் சண்டை போட்டாள். இருபது வருடம் கடை நடத்தியவள் யார் மேசையிலும் எதையும் வைத்ததில்லை.

இன்று வைத்தாள். மாமனார் தோட்டத்துப் பிளம்ஸில் அவரே காய்ச்சிய சாராயம், ஒரு லிட்டர். லைசென்ஸ் கேட்கிற இடத்துக்கு லைசென்ஸ் இல்லாத சரக்கு! வெட்கத்தில் அவள் முகம் காது மடல் வரை சிவந்துவிட்டது. வழியில் தக்கை கொஞ்சம் கழன்றிருந்ததால் பிளம்ஸ் வாசனை அறை முழுக்கப் பரவியது.

ஷெலிகா எழுந்தார். நேராகப் போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார். நவம்பர் குளிர் உள்ளே வந்து தாள்களைக் கலைத்தது.

யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார் போலும். அல்லது இது போதவில்லையோ?

"வீட்ல இன்னும் ரெண்டு இருக்கு சார்," என்றாள். தன் வாயா அதைச் சொன்னது என்று அவளுக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

"எடுத்து உள்ள வைங்கம்மா." குரல் கரகரத்தது. "தயவுசெஞ்சு."

அவள் வைத்தாள். பையின் ஜிப்பை மூடும் சத்தம் கேட்ட பிறகுதான் அவர் திரும்பினார். இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். உரிமம். முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது.

"மூணு வாரமா உள்ளயே வச்சிருந்தீங்களா?"

"உங்க மேல ஒரு குறையும் இல்லம்மா. தப்பு என்னோடது." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் எதையோ எழுதி மடித்துக் கொடுத்தார். "இந்த விலாசத்துக்கு மட்டும் உங்க வண்டி போகக் கூடாது. காய்ச்சல்னு சொல்லட்டும், விருந்தாளி வந்திருக்காங்கன்னு சொல்லட்டும், போகக் கூடாது. சட்டத்துல இதுக்கு இடமில்ல. நானாதான் கேக்கறேன்."

"எதுக்கு சார்?"

"அங்கேருந்து கடைக்கு நாலு கிலோமீட்டர். நடந்துதான் வரணும். குடியை விட்டு பதினாலு மாசமா அந்த ஆள் கிளம்பி கிளம்பி, பாலம் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறார். வாசலுக்கே பாட்டில் வந்தா நடுவுல பாலம் ஏது?"

"உங்களுக்கு ரொம்ப வேண்டியவரா?"

"வேண்டியவர்தான். நம்பத்தான் முடியல."

போக்னா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஜெயித்த சந்தோஷம் துளியும் இல்லை. ஒரு பாட்டிலைக் காட்டி ஒரு நல்ல மனிதரை விலை பேசிய வெட்கம்தான் இருந்தது. பாவம், தம்பியாக இருக்கும், இல்லை மகனாக இருக்கும் என்று நினைத்தபடி படிக்கட்டில் நின்று சீட்டைப் பிரித்தாள்.

அதில் இருந்த முழுப் பெயரை, இந்த ஐந்து தடவையும் அவர் மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையில் அவள் படித்திருக்கிறாள்.