அஸர் நேரத்துத் தண்ணீர்

கூலாய் நகரில் தண்ணீர்க் கட்டுப்பாடு வந்த பிறகு, தனியாக வாழும் ருமானாவின் டிரம்மில் தினமும் மாலை அஸர் தொழுகை நேரத்தில் ஒரு விரற்கடை தண்ணீர் குறைந்தது. வீட்டுச் சாவி ஒன்று பக்கத்து வீட்டு ஷாமளாவிடம் இருந்தது.

"நீயா எடுக்கிற?"

"அலமாக், அக்கா! வேணும்னா கேட்டே வாங்குவேன்லா."

ஷாமளா கோபித்துக்கொள்ளவில்லை. தன் பங்கிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்து டிரம்மை நிரப்பினாள். ருமானா வெட்கப்பட்டு அவளை உட்காரச் சொன்னாள். இருவரும் டிரம்முக்கு எதிரிலேயே தேநீர் குடித்தார்கள்.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்து ஓய்ந்தது. மூடி அசையவில்லை. ருமானா திறந்து பார்த்தாள். ஒரு விரற்கடை குறைந்திருந்தது.

"மன்னிச்சிரும்மா," என்றவள், டிரம்மில் மொண்டு கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டுத் தொழப் போனாள்.

உள்ளறையில் அவள் சுருட்டி வைத்திருந்த தொழுகை விரிப்பு விரிந்து கிடந்தது. அதில் இரண்டு உள்ளங்கைகளும் ஒரு நெற்றியும் ஈரமாகப் பதிந்திருந்தன.